இடக்கன்னம்

மருத்துவர் சா வெள்ளைப் பென்சிலால்
முகத்தின் நடுவே ஒரு கோடு கிழித்தார்,
வகிட்டிலிருந்து மோவாய் வரை.
வலப்பாதி கிளினிக்குக்கு. இடப்பாதி வீட்டுக்கு.
ஆறு மாதம். கட்டணம் இல்லை, பயணப்படி உண்டு.
பியோன் மியோங்-ஓக், வயது ஐம்பத்தாறு,
பூசான் நகரப் பேருந்து ஓட்டுநர்,
கையெழுத்துப் போட்டாள்.

ஒரு கன்னத்துக்கு வெண்ணெய்,
மறு கன்னத்துக்குச் சுண்ணாம்பு.
எது எதுவென்று
அன்றைக்குத் தெரியவில்லை.

வலக்கன்னத்துக்கு மரப்புக் களிம்பு, நாற்பது நிமிடம்.
பிறகு அறுநூறு சூடுகள், செவிலி எண்ண எண்ண.
தோலுக்கு அடியில் யாரோ கடுகு தாளித்தார்கள்.
தாடை எலும்பருகே வந்ததும்
அவள் வலது கால்
தானாக பிரேக்கைத் தேடியது.

இடக்கன்னத்துக்கு உள்ளங்கையளவு கருவி.
ஜெல் தடவி, கீழிருந்து மேலே,
பன்னிரண்டு நிமிடம், வாரத்துக்கு மூன்று முறை.
ஆறிக்கொண்டிருக்கும் தேநீர்க் கோப்பையைக்
கன்னத்தில் வைத்தாற்போல ஒரு சூடு.
அதைத் தாண்டினால் கருவி தானே பயந்து அணைந்துவிடும்.
கடைசி வண்டியை டிப்போவில் விட்டு வந்த இரவுகளில்
அது கையிலிருக்கத் தூங்கிப்போனாள்.
குறிப்பேட்டில் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை:
டிக், டிக், டிக்.

முன்வாசலில் ஏறுகிறவர்கள் பார்ப்பது வலக்கன்னத்தை.
"லீவு எடுத்தீர்களா? முகம் தெளிந்திருக்கிறதே"
என்றாள் மீன் சந்தை நாம்-சுக், கார்டைத் தட்டிக்கொண்டே.
இடக்கன்னத்தை
ஜன்னல் மட்டும் பார்க்கும்.

ஆறாம் மாதம், திரையில் இரண்டு பாதிகள்.
வலப்பக்கம் தாடைக் கோடு நூல் பிடித்தாற்போல.
இடப்பக்கம்...
மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கொஞ்சம் இருக்கிறது. இல்லையென்று சொல்ல முடியாது."
பின்னால் தள்ளிக்கொண்டே போனார்,
முதல் நாள் படம் வரை, கோடு கிழிப்பதற்கு முன்.
அதிலேயே இரண்டும் அக்கா தங்கை.
இடப்பாதி எட்டு வயது மூத்தவள்.
"தூங்குவது எந்தப் பக்கம்?"
"மல்லாந்து."
"வேலை?" என்று தொடங்கியவர்
தாளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
பத்தொன்பது ஆண்டு, ஓட்டுநர் இருக்கை,
அதே பக்கத்து வெயில்.

குறிப்பேட்டின் பொய்யை அப்போது சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
இடப்பக்கத்தையும் இலவசமாகச் செய்து தருகிறோம்,
சமமாகட்டும் என்றார்கள்.
அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாள்.
கருவியைத் தங்கை கேட்டு வாங்கிப்போனாள்.
அவளுக்கு டிக் போடுகிற வேலையில்லை.

மறுநாள் காலை ஏழு நாற்பது, யோங்டோ வளைவு.
பக்கவாட்டுத் திரையை முதல்முறையாக இழுத்துவிட்டாள்.
கன்னம் குளிர்ந்தது.
கடல் போய்விட்டது.
மூன்று நிறுத்தம் அப்படியே ஓட்டினாள்.
நான்காவதற்கு முன், சிவப்பு விளக்கில்,
ஒரு சாண் விலக்கிப் பார்த்தாள்:
நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்,
பாதிதான் தெரிந்தது.

மீதியையும் விலக்கினாள்.