திருப்பிச் சொன்னது சரி

இரத்மலானைக் கோபுரத்தில்
'டேக் ஓஃப்' என்ற சொல்லை நாங்கள் பூட்டி வைத்திருக்கிறோம்.
ஓடுபாதை வெறுமையாய்க் கிடக்க வேண்டும்,
காற்று எத்தனை நொட் என்று பார்க்க வேண்டும்,
அத்திடிய சதுப்பில் நீர்க்காகங்கள் எழும்பாமல் இருக்க வேண்டும்.
அதன் பிறகே வாயில் எடுக்கலாம்.
அதுவரை 'டிப்பார்ச்சர்' என்போம்,
சுற்றி வளைத்து வேறெதுவோ என்போம்.
எங்கோ ஒரு பனிமூட்டத்தில்
அவசரமாய் விளங்கிக்கொண்ட ஒரு சொல்லுக்கு
விலை கொடுத்தவர்களின் விதி அது.

பயிற்சியில் மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள்.
எனக்கு அது புதிதாயில்லை.
வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலும் ஒரு சொல் அப்படித்தான்.
முக்குக் கடைக்குப் பாண் வாங்கப் போனாலும்
'போயிட்டு வாறன்'தான்.
'போறன்' என்று தனியே விட்டால்
அம்மா செருப்பைக் கழற்ற வைத்து,
ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வைத்து,
முதலில் இருந்து புறப்பட வைப்பா.

எண்களுக்கும் இங்கே வேறு முகம்.
ஐந்து 'ஃபைஃப்', ஒன்பது 'நைனர்',
மூன்று 'ட்ரீ'. மரம் இல்லை, மூன்று.
வங்கியில் இருந்து எடுத்த பிள்ளைக்கு
என் பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன்:
டாங்கோ, ஹொட்டேல், அல்ஃபா, டெல்டா, சார்லி...
'சார்லி உங்கட ஹஸ்பண்டா மேடம்?'
இல்லை, பிள்ளை.
அவர் பெயர் குகதாசன்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்
குகதாசன் லிஃப்ட் வாசலில் சூட்கேசை நிறுத்தி
'போறன்' என்றார்.
மிச்சப் பாதி இரைச்சலில் அறுந்துபோனதோ என்று
'சே அகெய்ன்' என்றேன்.
உண்மையில் அப்படியேதான் கேட்டேன், கோபுரத்துக் குரலில்.
'போறன், தாட்சா.'
'போறீங்கள்.'
திருப்பிச் சொன்னது சரி.
லிஃப்ட் இறங்கியது:
ஆறு, ஃபைஃப், நாலு, ட்ரீ.

இது ஒக்டோபர்.
நேற்றுப் பின்னேரம் பாணந்துறைப் பக்கம் இடித்தது.
மேலே ஒரேயொரு செஸ்னா,
ஒரு மாணவன், முதன்முறை தனியே.
கிலோ யாங்கி என்பதற்கு மேல்
அவனைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.
மழை அவனுக்கு முந்தி இறங்கிவிட்டது.
'கோ அரவுண்ட்' என்றேன். மேலெழும்பிப் போனான்.
திரும்ப வந்தான். விளக்குகள் தெரியவில்லை என்றான்.
'கோ அரவுண்ட்.'
குரல் மெலிந்துகொண்டு வந்தது.

கேட்கத்தான் வேண்டும், படிவத்தில் இருக்கிறது:
எரிபொருள் எத்தனை நிமிடம்?
விமானத்தில் எத்தனை உயிர்கள்?
ஆட்கள் என்றில்லை, இருக்கைகள் என்றில்லை.
உயிர்கள் என்றுதான் கேட்க வேண்டும்.
'ஒன்று' என்றான்.
கொஞ்சம் பொறுத்து, 'ஒன்று மட்டும்.'
அந்த 'மட்டும்' எந்தக் கையேட்டிலும் இல்லை.
நூற்றியொராம் இலக்க பஸ்ஸில்
இரவு வீடு போகும்வரை
அது என் பக்கத்து இருக்கையில் இருந்து வந்தது.

மூன்றாம் தரம் தரை தொட்டான், கோணலாக.
சக்கரம் தண்ணீரைக் கிழித்த சத்தம்
கண்ணாடிக்குள் கேட்காது. கேட்டது.

இன்று காலை அதே கிலோ யாங்கி.
வானம் கழுவிய பீங்கான் போல இருந்தது.
ஒரு நாரையைப் போகவிட்டு
பூட்டைத் திறந்து அந்தச் சொல்லைக் கொடுத்தேன்.
பிசகாமல் திருப்பிச் சொன்னான்.
காலி வீதியைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி,
கடல் தொடங்கும் இடத்தில் அலைவரிசை மாறுமுன்
'போயிட்டு வாறன்' என்றான்.

தமிழ்ப்பிள்ளையா!
அலைவரிசையில் ஆங்கிலம் மட்டும்தான்,
எல்லாம் பதிவாகிறது,
நான் கண்டித்திருக்க வேண்டும்.
பொத்தானை அழுத்தி 'ரோஜர்' என்றேன்.
கேட்டேன் என்பதற்குமேல்
அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை.

காகிதப் பட்டியில் பென்சிலால் நேரம் எழுதி
வரவேண்டியவற்றின் வரிசையில் செருகினேன்.
காற்று இருநூற்று நாற்பது, எட்டு நொட்.