வெற்று மாதிரி

ஒன்பதே முக்காலுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்
மானூர் ஸ்டேஷன் ஏட்டு.
மடியில் அட்டைப்பெட்டி.
உள்ளே மூன்று பாட்டில்கள், உப்புக் கரைசலில்
ஒரு பெண்ணின் இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம்.
பஸ்ஸில் யாரோ என்ன பெட்டி என்று கேட்டார்களாம்.
"கருப்பட்டின்னு சொல்லிட்டேன் மேடம்.
வெல கேக்கான்."

அரக்கை லென்ஸில் பார்த்தேன்.
மாதிரி முத்திரையில் 'ர'வுக்குக் கால் உடைந்திருக்கிறது.
பாட்டிலில் உடையவில்லை.
"திருப்பிக் கொண்டு போங்க."
"ஒரு எழுத்துதானம்மா."
"ஆமா. ஒரு எழுத்துதான்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வெயிலுக்குள் இறங்கியபோது
எனக்கு என்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு
ஜெபக்கனியின் பதிவேடு.
சித்திரையில் ஒரே நாளில் பத்து வழக்கு.
'வெற்று மாதிரி' என்ற கட்டத்தில் பத்து டிக்,
பத்தும் ஒரே சாய்வு, ஒரே மை,
பேனாவை எடுக்காமல் போட்டது மாதிரி.
தட்டுகளின் படங்களை எண்ணினேன்.
பத்து இருந்தது.
பதினொன்று இருக்க வேண்டும்.

அதே ஹெக்சேன் கேன் இன்னும் அலமாரியில்தான் இருந்தது,
கால்வாசி மீதியோடு.
யாருடைய உடம்பும் இல்லாமல்
வெறும் கரைப்பானை மட்டும் வடித்து, வற்றவைத்து
தட்டில் ஒரு துளி வைத்தேன்.
நடுவில் கரண்ட் போனது. டார்ச்சில் தெளித்தேன்.
ஆரல்வாய்மொழிக் காற்று
ஜன்னல் கொக்கியை ஆட்டிக்கொண்டே இருந்தது.

ஒன்றுமே போடாத இடத்தில்
மெல்ல எழுந்து வந்தது
ஒரு பொட்டு.
பூச்சிமருந்து நிற்கும் அதே உயரத்தில்.

மறுநாள் கேட்டேன்.
ஜெபக்கனி என்னைப் பார்க்கவில்லை,
என் தலைக்குப் பின்னால் இருந்த போர்டைப் பார்த்தாள்.
நிலுவை 312.
மாதம் ஆளுக்கு நாற்பது. தவறக் கூடாது.
சுண்ணாம்புக்கட்டியில், என் எழுத்து.
கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன்.

உய்க்காட்டான் பாட்டில்களைக் கீழே இறக்கினார்.
மசூது மீரான் புது கேன் உடைத்தார்,
லீவில் போக இருந்தவர் போகவில்லை.
மூன்று நாள். ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும்
முதலில் வெறுமை, அப்புறம்தான் ஆள்.
ஏழு பேர் உண்மையிலேயே குடித்திருந்தார்கள்.
இரண்டு பேர் குடிக்கவே இல்லை.

பத்தாவது பாட்டில் காலி.
'மாதிரி முழுவதும் சோதனையில் செலவாயிற்று'
கீழே ஜெபக்கனி கையெழுத்து,
அதற்கும் கீழே பச்சை மையில் நான்.

அந்த அறிக்கை கோர்ட்டுக்குப் போய் நாளாயிற்று.
அதை நம்பி ஒருத்தர் பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறார்.
இங்கிருந்து ஷேர் ஆட்டோ தூரம்.
பெயர் தெரியாது.
பெயரைப் பார்க்காதீங்க, நம்பரைப் பாருங்க
என்பது வேலைக்குச் சேரும் யாருக்கும்
நான் சொல்லும் முதல் விஷயம்.
அவர் விஷம் வைத்தாரா, வைக்கவில்லையா,
இனி எந்தத் தட்டும் சொல்லாது.

'கனம் நீதிபதி அவர்களுக்கு' என்று ஆரம்பித்தேன்.
இரண்டு தாள் கசங்கியது.
"மேடம், இதுல எம் பேரு வருமா?"
"வரும்."
நின்றுகொண்டே இருந்தாள்.
"ரெண்டாவதா வரும்" என்றேன்.
போர்டை அழித்துவிட்டுப் போனாள். நான் சொல்லவில்லை.

கடிதத்தை ஒட்டும்போது
ஏட்டு மறுபடி வந்திருந்தார்,
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
"இப்பம் சரியா இருக்கும் மேடம். கால் உடைஞ்சதாப் பாத்து
நானே நின்னு வச்சேன்."
லென்ஸை எடுத்தேன்.
அரக்கில் அந்த எழுத்து தெளிவாகத்தான் இருந்தது.
எனக்குத்தான்
பார்த்து முடிக்க வெகுநேரம் ஆனது.