மூன்றாம் நிமிடத்தில் ஒரு கெட்டில்

மொண்டெவிடியோவில், துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது
எங்கள் ஸ்டுடியோ. எதிரொலி அறை கிடையாது.
நிலவறையில் வறண்டுபோன தண்ணீர்த்தொட்டி.
ஒரு மூலையில் ஒலிபெருக்கி, மறு மூலையில் மைக்.
உள்ளே விழுந்த குரல்
தேவாலயம் ஏறித் திரும்பி வந்தது.

மேல்மாடியில் நெலிதா பரேய்ரோ.
பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துவரை
அடுப்புப் பற்றவைக்காதிருக்க
வாரம் ஐந்து பெசோ கொடுத்தோம்.
அந்த வியாழன் மறந்துவிட்டாள்.
அல்லது
நாங்கள் இரண்டு வாரம் பாக்கி.

பந்தோனியோன் மூச்சிழுக்கும் இடைவெளியில்
குழாய்வழி இறங்கியது விசில்,
மாத்தேவுக்குக் கொதித்த கெட்டில்.
சுருதி பிசகவில்லை.
வால்தெமார் பாடிக்கொண்டே என்னை முறைத்தான்.
இன்னொரு முறை பதிய நாடா இல்லை.
விட்டுவிட்டோம்.

இப்போது அங்கே டயர் கடை.
ஒசாகாவிலிருந்து இருவர் வந்து
தொட்டிக்குள் இறங்கிக் கைதட்டிப் பார்த்தார்களாம்.
மூன்றாம் நிமிடத்தில் ஒலிப்பது என்ன கருவி என்று
எனக்குக் கடிதம் வேறு.
பதில் எழுதவில்லை.

போன மாதம் பேருந்து ரேடியோவில் அந்தப் பாட்டு.
முன் இருக்கையில் நெலிதா.
கண் சரியாகத் தெரிவதில்லை, என்னை அடையாளம் தெரியவில்லை.
மூன்றாம் நிமிடம் வந்ததும்
பேச்சை நிறுத்தாமலே
கையை நீட்டி
காற்றில் ஒரு குமிழைத் திருகி
அணைத்தாள்.