இரண்டு உயரங்கள்

இந்தப் பெட்டி ஏதோ துறைமுக ஊரிலிருந்து வந்தது,
நன்கொடை. கைப்பிடித் திருகுகளில்
இன்னும் உப்புத் துரு.
பொத்தானை அமுக்கியதும் திரையில்
உயரம்: 0 மீட்டர்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எல் ஆல்ட்டோவில் பூஜ்ஜியத்தை யார் பார்த்தார்கள்?

4,050 என்று மாற்றினேன்.
கொஞ்ச நேரம் யோசித்தது,
மலையேறி வந்த விருந்தாளி
வாசலில் நின்று மூச்சு வாங்குவதுபோல.

பிறகு இன்னொரு உயரம் கேட்டது.
ஃபோர்ச்சுனாட்டோ லைமேயை
உச்சியிலிருந்து குதிகால்வரை நாடா பிடித்து அளந்தேன்.
நூற்று ஐம்பத்தெட்டு.
எடை எதற்கு? உடம்பு பெருக்கும், வற்றும்.
நுரையீரல் வளர்ந்த மட்டில் நின்றுவிடும்.
ஒரு மூச்சுக்கு முந்நூற்று முப்பது மில்லி,
ஒரு சின்ன சோடா டின்.

மினிபஸ் படியில் தொங்கியபடி
ஊர் கூவியவர் இவர்.
"சேஹா சேஹா சேஹா, ஓரிடம் இருக்கு, ஓரிடம்!"
பதினெட்டு வருஷம், ஒரே மூச்சில்.
இப்போது குரல்நாண்களுக்கு நடுவே குழாய்,
பல்லோரம் இருபத்திரண்டு சென்டிமீட்டர்.

முனையில் ரப்பர்ப் பையை மாட்டிப் பார்த்தேன்.
எழுந்தது, தணிந்தது,
ஆளில்லாத மார்பு.
கசிவில்லை.
சிலிண்டர் ஐந்து லிட்டர், நூற்றிருபது பார்.
அறுநூறு. நிமிடத்துக்குப் பத்து. ஒரு மணி நேரம்.
அதில் பாதியைத்தான் நம்புவேன்;
மீதி இந்த ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு.

டாக்டர் அபாசா குழாயைக் கவ்வியால் நெரித்தார்.
"மாற்று."
பழைய இயந்திரத்தின் மூச்சு போய்விட்டது,
பெட்டியின் மூச்சு வந்துசேரவில்லை.
அந்த இடுக்கில்
நான், அவர், கட்டில் தள்ளும் செவேரோ
மூவரும் மூச்சு விடவில்லை.
கவ்வி திறந்தது.
மார்பு எழுந்தது, இரண்டு பக்கமும்.

இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் பெட்டி அலறியது.
அழுத்தம், அழுத்தம், சிவப்பு.
எல்லோரும் திரையைப் பார்க்க
நான் அவரைப் பார்த்தேன்.
குளிருமே என்று
போர்வையை இறுக்கிச் செருகியது நான்தான்.
அதற்கடியில் குழாய் மடங்கிக் கிடந்தது.
உருவி நிமிர்த்தினேன். அடங்கியது.
அபாசா ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

லிஃப்ட் வந்தது, ஆள் நிறைந்து.
"இறங்குங்க இறங்குங்க இறங்குங்க!"
என் தொண்டையிலிருந்து
யாரோ மினிபஸ்காரன் கத்தினான்.

ஸ்கேன் அறையில் காத்திருந்தபோது
அவர் நெஞ்சையே கவனித்தேன்.
மூச்சை வாங்கித் தருவதுதான் பெட்டியின் வேலை.
விடுவதற்குப் பொத்தான் இல்லை.
வழியைத் திறந்துவிட்டு அது சும்மா இருக்கிறது;
நெஞ்சு தன் பாரத்தில் தானே இறங்குகிறது.
நிமிடத்துக்கு இருபத்திரண்டு தடவை
அந்தப் பாதி அவருடையது.

திரும்பியபோது எழுபத்தாறு பார்.
பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன்: நெலிடா டிகோனா.
பெட்டியைத் துடைத்து அணைத்தேன்.
சந்தேகம் விடவில்லை.
மறுபடி உயிர்ப்பித்தேன்.

உயரம்: 0 மீட்டர்.

பிளாஸ்திரி கிழித்து
திரைக்கு மேலே ஒட்டினேன்,
பெரிய எழுத்தில்:
இங்கே கடல் இல்லை.