நூற்றெண்பது

டெஸ்மண்டின் கால்களை மட்டும்
பதினோரு நிமிடம் எடுத்து வைத்திருக்கிறேன்.
முகம் இல்லை, தலைமுடி ஆட்டம் இல்லை.
வெறும் சாக்ஸ், இரட்டைப் பெடல்,
கட்டைவிரல் அருகே ஒரு பொத்தல்.

பாதி வேகத்தில் ஓடவிட்டால்
நூற்றெண்பது தொண்ணூறாகிறது.
அப்போதும் பிடிபடுவதில்லை.
அவனுக்கு வலது கால் சொன்னதை
இடது கால் உடனே திருப்பிச் சொல்லாது,
மயிரிழை யோசித்துவிட்டுத்தான்.

பெடல் வாங்கினேன், அதே மாடல்,
எட்டுத் தவணை, இன்னும் மூன்று பாக்கி.
ஸ்பிரிங்கை அவன் அளவுக்கு முறுக்கினேன்.
கிக் டிரம்முக்குள் என்ன வைக்கிறாய் என்று
வடபழனி ஜாம் ரூம் வாசலில் கேட்டேன்.
லுங்கி, என்றான், பச்சைக் கட்டம்,
டீயை ஊதிக்கொண்டே.
நீலக் கட்டமானால் பரவாயில்லையா
என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

பெரம்பூரில் இரண்டாம் மாடி.
டிரம் வைக்க இடமில்லை.
இரண்டு தலையணை, இரண்டு பெடல்,
காதில் மெட்ரோனோம்.
ஸ்நேரை மனசுக்குள் அடித்துக்கொள்கிறேன்
ஒவ்வொரு மூன்றாம் எண்ணிக்கையிலும்.
கெண்டைக்கால் கல்லாகிவிட்டது;
பகலில் கோட்டை ஸ்டேஷன் படிகளில்
ஒரு காலை இழுத்து நடக்கிறேன்.
"வண்டியிலேர்ந்து விழுந்தியா, பூங்கோதை?"
ஆமாம் என்றேன். அது சுலபம்.

நேற்று பதினொன்றரை மணிக்கு,
எப்படியென்று தெரியவில்லை,
இடது கால் தயங்கியது.
அவன் தயக்கமில்லை,
அதைவிடக் கொஞ்சம் சோம்பல்.
நிறுத்தப் பயந்து அப்படியே போனேன்.

கீழ் வீட்டு பக்தவச்சலம்
ஒட்டடைக் கம்பால் கூரையை இடித்தார்.
உள்ளங்காலில் வந்து தட்டியது.
ஒரு முறை. மறுபடி.
சரியாக மூன்றில்.