புறமுதுகு

சென்ற வருடம் வானவில்.
சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடிய
நாவலையும் வரிச்சட்டத்தையும் மீன் சமையலையும்
நிறப்பொருத்தம் பார்த்துச் சேர்த்து வைத்தோம்.
அதற்கு முந்தைய வருடம் கிடைமட்ட அடுக்கு,
உச்சியில் ஒரு கூழாங்கல்.
கல்லுக்கும் ரசீது உண்டு: நூற்றிருபது குரோனர்.

இந்த வருடம்
முதுகுகள் சுவரைப் பார்க்க வேண்டும்.
அமைதி, என்கிறாள் இல்வா.
தலைப்புகள் சத்தம் போடுகின்றனவாம்.
வீடு வாங்க வருகிறவர்கள் ஜன்னலைப் பார்க்காமல்
வேறு யாரோ படித்ததைப்
படித்துக்கொண்டு நிற்கிறார்களாம்.

கோதன்பர்க், மயோர்னா, மூன்றாம் மாடி.
ஸ்டெல்லானும் ராங்ஹில்டும் பிரிகிறார்கள்.
வியாழன் போட்டோ, ஞாயிறு பார்வை நேரம்.
சோபா அவருக்கு, பியானோ அவளுக்கு.
புத்தகங்கள் மட்டும்
வழக்கில் கிடக்கும் நிலம் மாதிரி
நடுச்சுவரில் அப்படியே.

நான் ஏணிமேல். திருப்புவது என் வேலை.
அறுநூற்றுச் சொச்சம்.
எடு, தூசி தட்டு, திருப்பு, தள்ளு.
மதியத்துக்குள் சுவர்
ஆறிப்போன ஓட்ஸ் கஞ்சி நிறத்துக்கு வந்துவிட்டது.
கீழிருந்து இல்வா கட்டைவிரல் காட்டினாள்.

மேலே எனக்கு வேறொன்று தெரிந்தது.

ஒரு தடித்த போர் வரலாறு:
தாள் விளிம்பில் முதல் விரற்கடை அழுக்கு,
மீதி, ஆலையிலிருந்து வந்த வெள்ளை.
யாரோ
முதல் ஆற்றைக்கூடக் கடக்காமல்
வீடு திரும்பியிருக்கிறார்கள்.
தோட்டக்கலை: உருளைக்கிழங்கு அத்தியாயத்தில் நிஜ மண்.
குளியல்தொட்டிக்குள் விழுந்து எழுந்த ஒன்று
இரண்டு பேர் இடத்தில் உட்கார்ந்திருந்தது.
பதினேழு தொகுதிக் கலைக்களஞ்சியத்தில்
'த' மட்டும் காப்பிக் கறை.
ஏன் 'த'?

களத்தில் முதுகு காட்டுவது இழிவு.
அலமாரியில் அதுவேதான் நேற்றுவரை நாகரிகம்.
பொன்முலாம் முதுகு, பேர் பொறித்த முதுகு,
என்னைப் படித்திருக்கிறார் பாருங்கள் என்று
விருந்தாளிக்குப் பொய்சாட்சி சொல்லும் முதுகு.
திருப்பிப் போட்டால் மார்பு.
விழுப்புண் எல்லாம் இந்தப் பக்கம்.

நான்காவது தட்டில் ஒன்று.
பிரசவம் பற்றியது.
ஓரத்து அழுக்கு பாதியில் நின்றிருந்தது,
கோடு கிழித்த மாதிரி.
திறந்தேன். இருபத்தோராம் வாரம்.
திறந்திருக்கக் கூடாது.
மற்றதைவிட ஆழமாக உள்ளே தள்ளிவிட்டு
ஏணியை ஒரு தப்படி நகர்த்தினேன்.

புதன் மாலை ராங்ஹில்ட் வந்தாள்.
நனைந்த கோட்டு, கழற்றவில்லை.
மீட்டருக்கு இருந்த பில்லைக் கேட்டாள்,
இல்வா தேடப் போனாள்.
நான் சொல்ல வாயெடுத்தேன்: எல்லாம் திரும்பியிருக்கிறது,
பேர் தெரியாது, எது வேண்டுமென்று சொன்னால்...
அவள் சுவரைப் பார்த்தாள்,
சொந்த வீட்டில் இருட்டில் சுவிட்ச் தேடுகிறவள் போல
ஒரு விரலால் நான்காவது தட்டைத் தடவிக்கொண்டே போனாள்.
விரல் பள்ளத்தில் நின்றது.
உருவினாள். பைக்குள் போட்டாள்.
என்னைப் பார்த்து,
"நீங்களா உள்ளே தள்ளினீர்கள்?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
தலையசைத்தாள். நன்றியா என்று தெரியவில்லை.
படியிறங்கும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

இடைவெளி, நான்கு சென்டிமீட்டர்.
போட்டோவில் பல் விழுந்த மாதிரி தெரியும்
என்றாள் இல்வா.
பக்கத்துப் புத்தகங்களை நெருக்கி
அங்கே ஒரு பேரிக்காய் வைத்தாள்.
மரத்தில் கடைந்தது. வாடகைப் பொருள்.

ஞாயிறு நாற்பது பேர் வந்தார்கள்.
எவ்வளவு அமைதி, என்றார் ஒரு பல் வைத்தியர்,
அவர்தான் கடைசியில் வாங்கினார்.
அடுத்த வருடம் புத்தகமே வேண்டாமாம்,
வெறும் தட்டு, ஒரு விளக்கு.

திங்களன்று பொருள்களை எண்ணிப் பெட்டியில் வைத்தேன்.
பேரிக்காயின் ஓரத்தில்
நான்கு சின்னப் பற்கள் பதிந்திருந்தன.
யார் வீட்டுக் குழந்தையோ,
மரமென்று தெரிகிறவரை கடித்திருக்கிறது.
பழுதா என்று கேட்ட பத்தியில்
இல்லை என்று எழுதினேன்.