மைனஸ் பூஜ்யம்

முதலில் ஒரு திருகு வரைந்தேன்.
வட்டம், அதற்குள் ஒரு வெள்ளைக் கோடு.
கோட்டை இழுத்தால் எக்கோ கூடும்.
அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன்
செல்லூரில், தறிச்சத்தம் ஓயாத ஒரு மாடியறையில்.

ஒரு வருஷத்துக்குள்
அந்தத் திருகுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.
கோப்பு எந்த அடுக்கில் கிடக்கிறது,
பக்கத்துத் திருகு எந்த எண்ணில் நிற்கிறது,
மைக்கில் இப்போது பேசுவது எத்தனை டெசிபெல்.
சின்னதாக ஒன்றைச் சோதிக்கலாம் என்று அதைத் தொட்டால்
குடும்பமே எழுந்து வரும்.
திருகுக்கு ஜன்னல் வேண்டும்,
ஜன்னலுக்குத் திரை,
திரைக்குப் பின்னால் ஒலி அட்டை,
எல்லாவற்றுக்கும் கரண்ட்.

செக்கானூரணியில் ஒரு காதுகுத்து.
மொக்கராசு சவுண்ட் சர்வீஸ்:
நாலு குழாய், ரெண்டு பாக்ஸ், என் மென்பொருள்.
போனில் கத்தினார்.
"ஜன்னல மூடுனா எக்கோ செத்துப்போகுது தாயி."
மூடாமல் வையுங்களேன் என்றேன்.
"மொய் எழுதுறதும் இதே லேப்டாப்புலதான."

எக்கோவின் அளவு
திருகின் வயிற்றுக்குள் இருந்தது.
திருகு போனால் அதுவும் போகும்.

பிரித்தேன். பதினொரு ராத்திரி ஆனது.
எண் தனியே போனது, அதற்கு முகம் கிடையாது,
இருக்கும் இடமும் ஒன்றே ஒன்று.
திருகுக்கு விட்டுவைத்த வேலை இரண்டு:
சொன்னதைக் காட்டு,
தொட்டதைச் சொல்.
ஒலி ஓடும் இழை எவருக்காகவும் நிற்காது;
திரைக்கு வேண்டிய எண்ணை வாசலில் வைத்துவிட்டுப் போகும்,
எடுத்தால் எடுக்கட்டும்.
இழை அறுபடக் கூடாது என்பதைச்
செல்லூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு சோதனைக்கென்று ஒரு பொய்த்திருகு.
வட்டமில்லை, கோடில்லை,
ஜெசிந்தா மூன்று நாள் உட்கார்ந்து தீட்டிய
பித்தளை மினுக்கமும் இல்லை.
தன்னிடம் என்ன சொன்னார்கள் என்று
குறித்து வைத்துக்கொள்ளும்.
"இதுல பாக்குறதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்றாள் ஜெசிந்தா,
கொஞ்சம் வருத்தமாக.
ஆமாம் என்றேன், கொஞ்சம் கர்வமாக.

வியாழக்கிழமை, மாதாந்திரப் பராமரிப்பு.
ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.
தறிகள் பாதி முழத்தில் நின்றன.
ஸ்பீக்கர் ஊமை, பெரிய திரை கறுப்பு.
மடிக்கணினியில் முப்பத்தெட்டு சதவீதம்.
ஓடவிட்டேன்.
ஒரு ஜன்னலும் திறக்கவில்லை,
ஒரு சத்தமும் எழவில்லை,
இருநூற்றுப் பதினாலு சோதனைகள்
இரண்டு விநாடி.
பச்சை, பச்சை, பச்சை,
ஒரு சிவப்பு.

எதிர்பார்த்தது 0.0
வந்தது -0.0

சித்திரையிலேயே மொக்கராசு கேட்டிருந்தார்,
"அதென்னங்க, ஒண்ணுமில்லாததுக்கும் கீழ ஒண்ணு?"
திரைக்கோளாறு என்று சிரித்துத் தள்ளியிருந்தேன்.
மைனஸ் 0.04ஐ வழித்தெடுத்தால்
எண் போய்விடுகிறது, குறி போக மறுக்கிறது;
செய்த மொய் திரும்பி வந்த பிறகும்
நோட்டில் அடிக்காமல் விட்ட பேர் மாதிரி.
ஒற்றை வரியில் திருத்தினேன்.
மின்விசிறி இல்லாத அறையில்
அந்த வரியை நாலு தடவை வாசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன்.
பின்னால் பந்திச் சத்தம்,
அதற்கும் மேலே யாரோ மைக்கில்
தாய்மாமன் மொய் வாசிக்கிறார்கள்:
அய்யாயிரத்து ஒண்ணு… ஒண்ணு… ஒண்ணு…

ஜன்னல் திறந்திருக்கா என்றேன்.
"அத மூடி அரை மணி நேரமாச்சு.
எக்கோ நிக்கவே மாட்டேங்குது தாயி,
ஒத்த ரூவா மூணு ரூவாயாக் கேக்குது,
மாமன் மொறைக்கிறாரு."

திறந்து, அந்த வெள்ளைக் கோட்டைக்
கொஞ்சம் இடப்பக்கம் இழுங்க.

இழுத்தார்.

அடுத்த பேர்.
ஆயிரத்து ஒண்ணு.